பாரதக் கூத்தும் ஊர் நியாயமும்

தர்மபுரி ஜில்லாவில் பங்குனி பிறந்து விட்டால் ஆடி முடிகிற வரையில் கூத்துக் காலம் என்பதை அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தருமராஜா கோயில் என்றும், திரௌபதியம்மன் கோயில் என்றும் பேர் வைத்திருக்கிற கோயில்கள் உள்ள ஊர்களில் வீட்டுக்கு வீடு வரி போட்டுப் பணம் திரட்டிப் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பிரசங்கியார் வந்து வில்லிபுத்தூரார் பாரதத்தை விரித்துக் கதை சொல்லுகிறார். இரவில் விடிய விடியக் கூத்து நடக்கிறது. பதினெட்டு நாள் போர் என்பதால் பதினெட்டு நாள் நடத்துகிற ஊர்களும் உண்டு. வசதிக்குத் தக்கபடி குறைத்துக் கொள்ளுகிற ஊர்களும் உண்டு. கடைசியில் களிமண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து கிடத்திப் படுகளம் நடத்தி, தீ மிதித்து முடிக்கிறார்கள்.

புராணப் புரட்டை ஒழிக்க வேண்டும் என்கிற நமக்குப் பாரதக் கூத்தில் என்ன வேலை என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக் கூடும். வேலை இருக்கிறது. ஏனெனில் எந்தப் புத்தகத்தையும் படியாத ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒரு நியாயத்தையும் ஓர் அநியாயத்தையும் இரவு முழுவதும் கண் விழித்துக் கேட்கிற இடம் இந்தக் கூத்துக் களத்தைப் போல வேறொன்று இல்லை. அங்கே கேட்ட நியாயம் விடிந்த பிறகு எங்கே போகிறது என்பதுதான் நமது கேள்வி.

முதலில் கூத்தாடுகிறவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி விடுவோம்.

மார்கழி மாதத்தில் சென்னைப் பட்டணத்தில் சபைக்குச் சபை சங்கீதக் கச்சேரியும் நாட்டியமும் நடக்கின்றன. 1927ல் அங்கே காங்கிரஸ் கூடியபோது நடந்த சங்கீத மகாநாட்டிலிருந்து 1928ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அந்த மாதிரிச் சபைகளைச் சுற்றி வளர்ந்ததுதான் இந்த 'சீசன்'. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்பதற்கே ஒரு கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது என்பதும், அதன் பலனாகவே 1943ல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது என்பதும் தனிக் கதை. 2017ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் சென்னையை இசைக்குப் பேர்போன நகரங்களின் வரிசையில் சேர்த்துக் கொண்டது. நல்லது, சங்கீதத்தின் மேல் நமக்கு ஒரு துவேஷமும் இல்லை. ஆனால் பட்டணத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாடுகிறவர் வித்வான். பாலக்கோட்டுப் பக்கத்திலும் பென்னாகரத்துப் பக்கத்திலும் இரவெல்லாம் நின்று பாடி, ஆடி, வசனமும் பேசுகிறவர் கூத்தாடி. அவருக்குப் பொன்னாடை, பட்டம், பத்திரிகையில் படம். இவருக்கு "அடே" என்ற அழைப்பு. ஒருவரை வைய வேண்டுமானால் "கூத்தாடிப் பயல்" என்கிறார்கள். தொழிலின் பேரையே வசவாக ஆக்கி வைத்திருக்கிற தேசத்தில் கலை வளர்கிறது என்று பெருமை பேசிக் கொள்ளுவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்தத் தொழில் இலேசானதா என்றால் இல்லை. தன் முகத்திற்குத் தானே வர்ணம் எழுதிக் கொள்ள வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்த கட்டைகளை உடம்பில் இறுக்கிக் கட்டிக் கொண்டு சுழன்று ஆட வேண்டும். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் போடுகிற சத்தத்திற்கு மேலே குரல் எழும்ப வேண்டும். கர்ணன் ஆனாலும் கட்டியங்காரன் ஆனாலும் நூற்றுக்கணக்கான பாட்டுகள் தலையில் இருக்க வேண்டும். அந்தக் கட்டியங்காரன் இருக்கிறானே, அவன் ராஜாவுக்கு முன்னாலேயே நின்று ராஜாவைக் கிண்டல் செய்கிறவன். ஊர்ப் பெரிய மனிதர்களும் அதைக் கேட்டுச் சிரித்தே ஆக வேண்டும். நமது பத்திரிகை செய்கிற வேலையில் பாதியை அவன் எத்தனையோ காலமாகச் செய்து வருகிறான்.

இவ்வளவும் செய்கிறவர் ஆடி கழிந்தால் வேஷத்தைப் பெட்டியில் வைத்து விட்டுக் காட்டு வேலைக்கோ, செங்கல் சூளைக்கோ, பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ போகிறார். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தபோது அது நேராகக் கூத்துக் காலத்தின் வாசலிலேயே வந்து விழுந்தது. 2021லும் அதே கதி. ஆண்டுக்கு ஐந்து மாதச் சம்பாத்தியமும் போனவர்களுக்கு, கோடிக்கணக்கான ரூபாய் காணிக்கை பெறுகிற எந்தத் தெய்வம் படியளந்தது? 2007ல் சர்க்கார் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று ஒரு நல வாரியம் ஏற்படுத்தியது. அது நல்ல காரியமே. ஆனால் வாரியம் கொடுப்பது உதவி. ஊரார் கொடுக்க வேண்டியது கூலியும் மரியாதையும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நிற்க. இனி கதைக்கு வருவோம்.

பாரதம் படித்தால் மழை பெய்யும் என்று சொல்லித்தான் பல ஊர்களில் வரி வசூலிக்கிறார்கள். தர்மபுரி ஜில்லா வானம் பார்த்த பூமி என்பதும், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து குழந்தைகளின் பல்லும் பெரியவர்களின் எலும்பும் கெட்டு வந்ததும் யாவருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பாரதம் படித்தும் அந்தக் கேடு நீங்கவில்லை. அதற்குப் பரிகாரமாக வந்தது, ஜப்பான் தேசத்துக் கடனைக் கொண்டு காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாக ஊர் ஊராகக் கொண்டு போய், 2013ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமேயாகும். குழாய் போட்ட எஞ்சினீயர் எந்தப் பர்வத்தைப் பாராயணம் செய்தார்?

அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரம் ஒன்றை நட்டு, வேஷக்காரர் அதன் மேல் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளையில்லாத பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அந்தப் பழம் அன்று காலை சந்தையில் வாங்கி வந்தது என்பது மரத்தின் மேல் இருப்பவருக்கும் தெரியும், கீழே மடியேந்துகிறவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணைப் பரிகசிக்க நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையில்லை என்றால் புருஷனைக் கேளாமல் பெண்ணையே 'மலடி' என்று ஏசுகிற ஊர்தான் அவளை அந்த மரத்தடிக்குத் துரத்தியது. ஆனால் இதையும் யோசியுங்கள்: பிள்ளை வரத்திற்கு மடியேந்துகிற இதே ஜில்லாவில், பிறந்த பெண் சிசுவின் உயிரைக் காப்பாற்றச் சர்க்கார் தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. 1992ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தர்மபுரிக்கும் வந்தது. வரம் என்று கேட்டது ஆணைத்தானா? பெண்ணாய்ப் பிறந்தால் அது வரமில்லையா? அப்படியானால் பதினெட்டு நாளும் பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவதற்கு என்ன அர்த்தம்?

இந்த மூடப் பழக்கங்களைத் தள்ளி விட்டுப் பார்த்தால் கூத்தில் மிஞ்சுவது மூன்று இரவுகள். அந்த மூன்று இரவுகளைப் பற்றித்தான் ஊராரிடம் நாம் வழக்குப் பேச வந்திருக்கிறோம்.

ஓர் இரவு, வில் வளைப்பு. பாஞ்சாலிக்குச் சுயம்வரம். பாஞ்சாலி மாலையிடுகிறபோது ஊரே கை தட்டுகிறது. பெண் தானே மாலையிட்டாள் என்று யாரும் கோபித்துக் கொண்டு எழுந்து போவதில்லை. மேளமும் தாளமுமாகக் கலியாணம் நடக்கிறது. சரி. 2012ஆம் வருஷம் நவம்பர் மாதம் 7ந் தேதி இந்தத் தர்மபுரிக்குப் பக்கத்தில் நடந்தது என்ன? ஒரு பெண் தன் மனதிற்குப் பிடித்த வேறு ஜாதி வாலிபனைக் கலியாணம் செய்து கொண்டாள். தகப்பனார் தற்கொலை செய்து கொண்டார். அதைச் சாக்காக வைத்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று சேரிகளில் புகுந்து, 250க்கு மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் அந்த வாலிபர் இரயில் பாதையருகே பிணமாகக் கிடந்தார். மேடையில் சுயம்வரம் என்றால் கை தட்டல். தெருவில் சுயம்வரம் என்றால் தீ வைப்பு. இது எந்தப் பர்வத்தில் எழுதியிருக்கிறது என்று பிரசங்கியாரைக் கேளுங்கள்.

இன்னோர் இரவு, சூதும் துகிலுரிதலும். துச்சாதனன் வேஷம் போடுகிறவர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, "இது வேஷம், என் மேல் குற்றமில்லை" என்கிற பாவனையில் மன்னிப்புக் கேட்டுக் கொள்ளுவதை நாம் பார்த்திருக்கிறோம். களத்தில் பெண்கள் தேம்பித் தேம்பி அழுகிறார்கள். பாஞ்சாலி கேட்கிற கேள்வி என்ன? தன்னை முதலில் தோற்று விட்டவருக்கு என்னைப் பந்தயம் வைக்க ஏது பாத்தியதை என்கிறாள். சபையில் இருந்த பெரியவர்களில் ஒருவராவது நேரான பதில் சொன்னாரா? பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று நழுவிக் கொண்டார். விகர்ணன் என்கிற ஒரு சிறுவயதுக்காரன்தான் எழுந்து, இது அநியாயம் என்றான். அவனையும் அடக்கி விட்டார்கள்.

நாம் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறோம். முதலில் தன்னைத் தோற்காமல் இருந்திருந்தால் மட்டும் பெண்ணைப் பந்தயம் வைக்கலாமா? ஆடு மாடு, காடு கழனி, பெண்டாட்டி என்று ஒரே ஜாபிதாவில் எழுதி வைத்ததல்லவா குற்றத்தின் வேர்? பெண்ணுக்கு ஆணைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் பலர். அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரையில் அறுபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்தும், எத்தனை வீட்டில் அண்ணன் தம்பிமார் தங்கையைக் கூப்பிட்டு, "இந்தா உன் பாகம்" என்று கொடுக்கிறார்கள்? கையெழுத்து மட்டும் வாங்கிக் கொண்டு சேலை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறவர்கள், துச்சாதனன் சேலையை இழுக்கிறான் என்று அழுவது வேடிக்கையாக இருக்கிறது.

மூன்றாவது இரவு, கர்ண மோட்சம். மற்ற எந்தக் கூத்துக்கும் வராத கூட்டம் இதற்கு வரும். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்பதற்காக அவனுக்கு வித்தை இல்லை, சபையில் இடமில்லை, பெண் இல்லை. அவன் போருக்குப் புறப்படுகிறபோதும் பொன்னுருவியிடம் விடைபெறுகிறபோதும் மீசை நரைத்த கிழவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக் கொள்ளுகிறார்கள். பிறப்பைச் சொல்லி ஒரு மனிதனைத் தள்ளுவது எவ்வளவு கொடுமை என்று அந்த நேரத்தில் அவர்களுக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பொழுது விடிகிறது. விடிந்ததும் டீக்கடைக்குப் போகிற கிழவர், பக்கத்துத் தெருக் கர்ணனோடு ஒரே பெஞ்சியில் உட்காருகிறாரா? பிள்ளையின் கலியாணத்திற்கு அவனைப் பந்தியில் வைக்கிறாரா? கர்ணனுக்காக அழுவது சுலபம். கர்ணன் கதையில் இருக்கிறான், பெண் கேட்டு வர மாட்டான்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. பிறப்பைச் சொல்லித் தன்னை அவமதித்தார்களே என்று வெந்த கர்ணன்தான், சபையில் பாஞ்சாலியைக் கேவலமாகப் பேசினான். மேலேயிருந்து மிதிபட்டவன் தனக்குக் கீழே ஒரு பெண் கிடைத்தால் மிதிக்கத்தான் பார்க்கிறான். ஜாதி ஒழிய வேண்டும் என்கிற தோழர்கள் தங்கள் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

இனி, கூத்து யாருடையது என்ற கேள்வி. விழுப்புரம் ஜில்லாவில் மேல்பாதி என்கிற ஊரில் தருமராஜா திரௌபதியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஆதிதிராவிட வாலிபர் உள்ளே போனார் என்பதற்காக அடித்தார்கள். ஊர் இரண்டாகி, ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலையே பூட்டிச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் ஹைகோர்ட் உத்தரவின் பேரில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. நாம் யாரையும் கோயிலுக்குப் போகச் சொல்லுகிறவர்கள் அல்ல. ஆனால் மனிதன் வரக் கூடாது என்று ஓர் இடத்தை அடைத்து வைத்தால், அங்கே என்ன இருக்கிறது என்பது நமக்கு முக்கியமல்ல, அடைத்ததுதான் முக்கியம். நடுச் சபையில் மானபங்கப்பட்ட ஒரு பெண்ணின் பேரால் கட்டிய கோயிலில், இன்னொருவனை மானபங்கப்படுத்துகிறார்கள் என்றால் அவர்கள் பதினெட்டு நாளும் எந்தக் கதையைத்தான் கேட்டார்கள்?

ஆகவே கூத்து ஊர்ப் பொதுவாக இருக்க வேண்டும். கோயில் வாசலில் நடத்தித்தான் ஆக வேண்டும் என்று கூத்துக்கு ஒரு விதியும் இல்லை. பள்ளிக்கூட மைதானமும் சந்தைத் திடலும் இருக்கின்றன. ஊர்ப் பொதுப் பேரில் வசூல் செய்தால் எல்லாத் தெருவிலும் வசூல் செய்ய வேண்டும். வசூல் செய்த எல்லாத் தெருவாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். "அவர்களிடம் நாங்கள் வரியே வாங்குவதில்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்லிக் கொள்ளுகிறார்கள். வரி வாங்காமல் இருப்பது தயவல்ல. நீ இந்த ஊர்க்காரன் அல்ல என்று சொல்லாமல் சொல்லுவதாகும்.

பெண் வேஷத்தை ஆண்களே போட வேண்டும் என்கிற வழக்கமும் போக வேண்டும். பாஞ்சாலியின் கேள்வியை ஒரு பெண்ணே கேட்டால் சபை இன்னும் கொஞ்சம் நடுங்கும். பெண் மேடையேறுவது புதுமோஸ்தர் என்று சொல்லுகிறவர்கள் சங்க நூல்களைப் பார்க்கட்டும். தர்மபுரி தகடூராக இருந்து அதியமான் ஆண்ட காலத்தில் ஆடிய பெண்ணுக்கு விறலி என்றே பேர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவரும் ஔவை என்கிற பெண்தான். நம் காலத்திலும் காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர்களே 1990ல் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார்கள். பெருங்கட்டூர் ராஜகோபால் முதலியோர் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தி, பள்ளிப் படிப்போடு கூத்தையும் ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் கட்டை கட்டி ஆடினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அதே போலக் கதையும் மாற வேண்டும். பாரதம்தான் கூத்து என்பதில்லை. திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ள புரிசைக் கூத்தர்கள், கொலம்பியா தேசத்து மார்க்வெஸ் எழுதிய சிறகுள்ள கிழவன் கதையையே கூத்தாக ஆடிக் காட்டியிருக்கிறார்கள். கடல் கடந்த கதைக்கு இடம் கொடுக்கிற மேடை, தீயில் எரிந்த மூன்று சேரிகளின் கதைக்கு இடம் கொடுக்காதா? பெங்களூர் சாரத்திலிருந்து விழுந்து செத்த கூலியின் கதைக்கு இடம் கொடுக்காதா?

இந்த இடத்தில் நமது இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நாடகத்தின் பலம் நமக்குத் தெரியாததல்ல. அண்ணாதுரையின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்த கணேசனுக்குத்தான் 'சிவாஜி' என்ற பேரைப் பெரியார் சூட்டினார். திருவாரூர் தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா நடித்த 'ரத்தக் கண்ணீர்' ஊர் ஊராகப் போயிற்று. ராதாவின் இராமாயண நாடகம் நடந்த காலத்தில், 1954ல், சர்க்கார் நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே செய்தது. நூறு பிரசங்கத்திற்கு அசையாத வைதீகம் ஒரு நாடகத்திற்குப் பயந்தது. அப்படியிருக்க, கூத்தைப் பார்த்து "மூடநம்பிக்கை" என்று மூக்கைப் பிடித்துக் கொண்டு விலகிப் போவது நமக்குத் தகுமா? நாம் விலகிப் போன களத்தில் ஜாதிச் சங்கக்காரன் வந்து தன் கொடியை நட்டுக் கொள்ளுவான்.

ஆகையால் வருகிற பங்குனிக்கு முன்னதாகவே தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பக்கத்துத் தோழர்கள் தத்தம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டுமென்று விரும்புகிறோம். கூத்து எல்லாத் தெருவாரும் வந்து சேர்ந்து உட்காரக் கூடிய பொது இடத்தில் நடக்க வேண்டும். கூத்தர்களுக்குப் பேசின கூலியைப் பொழுது விடியுமுன் குறைக்காமல் கொடுத்து, வாங்க போங்க என்று மரியாதையாகப் பேச வேண்டும். பெண்கள் வேஷம் கட்ட முன்வந்தால் ஒருவரும் தடுக்கக் கூடாது. பதினெட்டு இரவில் ஓர் இரவையாவது புதுக் கதைக்கு விட வேண்டும். இதற்கு ஊர்ப் பெரியவர்கள் தருமம் நுட்பமானது என்று பீஷ்மரைப் போல நழுவப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஊருக்கு ஒரு விகர்ணன் எழுந்து நின்றால் போதும். இந்தத் தடவை அவனை உட்கார வைக்க முடியாதபடி பக்கத்தில் நாலு பேர் நிற்க வேண்டியதுதான் நமது வேலை.